காந்த மெத்தையும் மூளைக்குக் கொடுக்கும் காந்தமும்

(காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரான 'பி' பிளாக் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் நம் ஹாலுக்குக் காந்த மெத்தை விற்க வந்தார்களே, நினைவிருக்கும். "மூளை வலிக்கே காந்த வைத்தியம் வந்தாச்சுங்க, அமெரிக்காவிலேயே ஒத்துக்கிட்டாங்க" என்றார் அந்தத் தம்பி. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது. நடை திரும்பிவிட்டது. இடது கையில் மிளகாய் அரைத்த மாதிரி எரிச்சல் மட்டும் விடவில்லை. முன்பணம் கட்டப் போய்விட்டோம். முப்பது வருடம் ஃபாரடே விதியைப் பாடம் நடத்தியவன் நான், வெட்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி சொன்னதில் பாதி உண்மை. 1985-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆன்டனி பார்க்கர் குழுவினர், தலைக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளை வைத்து மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். டி.எம்.எஸ். என்கிறார்கள். அமெரிக்க அரசு இதை 2008-ல் மனச்சோர்வுக்கும், 2013-ல் ஒருவகை ஒற்றைத் தலைவலிக்கும் அனுமதித்தது.

ஆனால் மெத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். சக்கரம் ஓடினால் விளக்கு எரியும், நின்றால் அணைந்துவிடும். மாறுகிற காந்தப்புலம்தான் மின்சாரத்தை உண்டாக்கும். ஃபாரடே 1831-ல் கண்டது அதுதான். மெத்தைக் காந்தம் நின்றுபோன சைக்கிள். டி.எம்.எஸ். சுருளிலோ, ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் கண் இமைப்பதற்கும் முன்னால் பாய்ந்து மறைகிறது. அந்த மாற்றம் மண்டையோட்டைத் தாண்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நரம்புகளில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. சரியான இடத்தில் வைத்தால் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். அதை வைத்துத்தான் இடத்தையும் அளவையும் டாக்டர்கள் குறிக்கிறார்கள்.

"கை வலிக்குத் தலையில் எதுக்குங்க?" என்று மூன்றாம் மாடி அக்கா கேட்டார். நம் நாமக்கல் பக்கம் லாரி விபத்தில் காலை இழந்தவர்களைக் கேளுங்கள், இல்லாத பாதம் வலிக்கிறது என்பார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இப்படி இல்லாத கையில் வலித்தவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியில் மறு கையின் பிம்பத்தைக் காட்டியே சிலருடைய வலியைக் குறைத்தார். வலியைத் தீர்மானிப்பது மூளை. வேடிக்கை என்னவென்றால், வலிக்காகத் தூண்டுவது உணர்வுப் பகுதியை அல்ல, அசைவுப் பகுதியை! ஜப்பானில் சுபோகாவா என்ற அறுவை மருத்துவர் 1991-ல் அங்கே மின்முனை பதித்து, பக்கவாதத்துக்குப் பிந்தைய வலி குறைவதைக் காட்டினார். டி.எம்.எஸ்.-இல் அறுவை இல்லை. இடது கை வலிக்கு வலது பக்க மூளை, விநாடிக்குப் பத்துத் துடிப்பு, தினமும் கொஞ்ச நேரம், சில வாரம். நரம்பு வலிக்கு இந்த முறையை ஐரோப்பிய நிபுணர் குழு 2014-லும் 2020-லும் முதல் தரச் சான்று உள்ளதாக வகைப்படுத்தியது.

எல்லோருக்கும் கேட்காது. கேட்டாலும் சில வாரங்களில் பலன் மங்கும், திரும்பக் கொடுக்க வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு இதை எதிர்பார்க்காதீர்கள். தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்கப் பொருத்திய கருவி, பேஸ்மேக்கர், வலிப்பு நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அபூர்வமாக வலிப்பு வரலாம். 'டக் டக்' சத்தத்துக்குக் காதில் பஞ்சு தருவார்கள்.

நமக்குப் பக்கம் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ். நம் நாட்டில் பெரும்பாலும் மனநலச் சிகிச்சைக்குத்தான் இதைக் கொடுக்கிறார்கள். ஆகவே எங்கே போனாலும், "நரம்பு வலிக்குக் கொடுக்கிறீர்களா, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கள் நரம்பியல் டாக்டர் முதலில் மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்றார். இப்போது மனைவி இரவில் நான்கு மணி நேரம் தூங்குகிறார். பொங்கல் கழிந்து பெங்களூரு போய் விசாரிக்கப் போகிறோம்.

மெத்தைக்காரர்கள் அடுத்த ஞாயிறும் ஹால் கேட்டிருக்கிறார்களாம். தண்ணீர்க் கணக்குக்கு முன்னால் அதையும் ஓட்டுக்கு விடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.