பங்கை விற்கும் காலம் எது?

பங்கு என்ற சொல் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், சம்பளத்திலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆனால் பங்குச் சந்தையில் விற்கப்படும் பங்கு வேறு வகை. அதன் விலை நாள்தோறும் ஏறும், இறங்கும். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியிலேயே அதை வாங்குகிறார்கள். கணினி, இணையம் போன்ற தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகளில்தான் அவர்களுக்கு ஆசை அதிகம். சில வீடுகளில் தகப்பனாரின் சேமநிதிப் பணமும் அதில் போகிறது. வாங்கச் சொல்வதற்குப் பலர் இருக்கிறார்கள். எப்போது விற்பது என்று சொல்வார் குறைவு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த பால்மரத்தை எடுத்துக் கொள்வோம். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலை உதிர்க்கிறது, பாலும் குறைகிறது. அதற்காக யாரும் மரத்தை வெட்டுவதில்லை. தளிர் விட்டு இலை முற்றியதும் பால் திரும்பிவிடும். ஆனால் வெள்ளை வேர் நோய் பிடித்த மரத்தை விட்டு வைப்பதில்லை. விட்டால் பக்கத்து மரங்களும் கெடும். இரண்டு மரங்களிலும் இலை உதிர்கிறது. வேரைப் பார்த்தவருக்கே வேறுபாடு தெரியும். பங்கின் விலை என்பது இலை. நிறுவனத்தின் தொழில்தான் வேர்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கோடாக். நம் வீட்டுத் திருமணப் படங்களெல்லாம் ஒரு காலத்தில் இத்தகைய படச்சுருளில் எடுத்தவைதாம். சுருள் இல்லாமல் படம் எடுக்கும் மின்னணுக் கேமராவை 1975ஆம் ஆண்டிலேயே செய்து பார்த்தவர் அந்த நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர். ஆயினும் நிறுவனம் படச்சுருள் வருமானத்தையே பெரிதும் நம்பியிருந்தது. 1997இல் அதன் பங்கு 90 டாலருக்கு மேல் விற்றது. பிறகு மக்கள் சுருள் வாங்குவதை நிறுத்தத் தொடங்கினார்கள். அதுதான் வேர் நோய். 2012ஆம் ஆண்டு சனவரியில் நிறுவனம் திவாலுக்கு மனுச் செய்தபோது பங்கின் விலை ஒரு டாலருக்கும் கீழே. மறு ஆண்டு பழைய பங்குகள் செல்லாதவை ஆயின. "போட்ட முதல் திரும்பட்டும், பிறகு விற்கலாம்" என்று காத்திருந்தவர்களுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை.

இரண்டாவது, அமேசான். 1999 டிசம்பரில் அதன் பங்கு 100 டாலரைத் தாண்டியது. 2001இல் 6 டாலருக்கு இறங்கியது. விலையை மட்டும் பார்த்தவர்கள் அஞ்சி விற்றார்கள். ஆனால் அதே காலத்தில் நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 164 கோடி டாலரிலிருந்து 312 கோடி டாலராக வளர்ந்திருந்தது. வேர் ஓடிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அந்தப் பங்கு பன்மடங்கு உயர்ந்தது. விழுந்த பங்கெல்லாம் இப்படி எழும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஆண்டுகளில் விழுந்த இணைய நிறுவனங்களில் பல எழவேயில்லை.

மூன்றாவது, சிஸ்கோ. இணையத்தை இணைக்கும் கருவிகளைச் செய்யும் நல்ல நிறுவனம். 2000 மார்ச்சில் அதன் பங்கு 80 டாலர். ஒரு பங்குக்குக் கிடைத்த ஆண்டு இலாபத்தைப் போல் 100 மடங்குக்கும் மேலான விலை அது. 2002இல் 10 டாலருக்கும் கீழே போயிற்று. நிறுவனம் கெடவில்லை, தொழில் வளர்ந்தது. ஆனாலும் பழைய உச்ச விலையைத் தொட 2025ஆம் ஆண்டின் இறுதி வரை ஆயிற்று. 80 டாலருக்கு வாங்கிய இளைஞன் தலை நரைக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நல்ல மாடே ஆனாலும் பத்து மாட்டு விலை கொடுக்கலாமா?

இந்த மூன்றிலிருந்தும் நாம் கற்பது என்ன? வாங்கும் நாளிலேயே, "இதை ஏன் வாங்குகிறேன்?" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த இரண்டு வரியை எடுத்துப் படிக்க வேண்டும். எழுதிய காரணம் பொய்த்துவிட்டால், நட்டமானாலும் விற்க வேண்டும். காரணம் நிலைத்திருக்க, விலை மட்டும் இறங்கினால் அவசரப்பட வேண்டாம். இலாபத்துக்குச் சற்றும் பொருந்தாதபடி விலை ஏறிவிட்டால், ஒரு பகுதியையாவது விற்றுப் பணமாக்கலாம். வீட்டுச் சேமிப்பில் பெரும்பங்கு ஒரே நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாலும் அவ்வாறே குறைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது பங்குக்குத் தெரியாது. ஆகவே, "வாங்கிய விலை வரட்டும்" என்று காத்திருப்பதில் பொருளில்லை. "கையில் இன்று பணமாக இருந்தால், இதே பங்கை இன்றைய விலைக்கு வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்று மனம் சொன்னால், வைத்திருப்பதற்கும் காரணமில்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் படிப்புக்கும், வயதான காலத்துச் செலவுக்கும் வைத்த பணத்தை இதில் இறக்க வேண்டாம். அடுத்த மாதம் தேவைப்படும் பணம் பங்கில் இருந்தால், விற்கும் நாளை நாம் குறிப்பதில்லை, கடன்காரன் குறிப்பான். உங்கள் மகனோ மகளோ பங்கு வாங்கியிருந்தால், இலாபம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "எதற்காக வாங்கினாய்? எப்போது விற்பாய்?" என்றும் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத தாயும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. பதில் சொல்லத் தடுமாறினால், மேலும் பணம் போடுமுன் அந்த இரண்டு வரியை எழுதச் சொல்லுங்கள்.