பெயரை விடுங்கள், இடத்தைச் சொல்லுங்கள்

பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

உங்களில் பலர் நாளை வட்டாட்சியர் அலுவலகத்திலோ, அரசு மருத்துவமனையிலோ, மாநகராட்சியிலோ ஒரு பதிவேட்டின் முன்னால் உட்காரப் போகிறீர்கள். அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பதிவேட்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வேல்ஸின் தலைநகரமான கார்டிஃப் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே முகக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்ட் ஒன்றைக் கவனித்தார். அடிதடியில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காவல்துறையின் கணக்கிலேயே இல்லை. அடித்தவன் மறுபடி வருவானோ என்ற பயம் சிலருக்கு. தன் பக்கத் தவறும் வெளியே வந்துவிடுமே என்ற தயக்கம் சிலருக்கு. எங்கே ரத்தம் சிந்துகிறது என்பதை மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ரோந்து போகும் காவலருக்கு அது தெரிய வழியில்லை.

எனவே, வரவேற்பு மேசையில் விவரம் பதியும் எழுத்தர் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்டார். எந்த இடத்தில்? எந்த நாள், எத்தனை மணிக்கு? கையாலா, கத்தியாலா, உடைந்த கண்ணாடியாலா? "தெருவில்" என்ற பதில் போதாது. எந்தத் தெரு, எந்த மதுக்கூடம் என்பதுவரை வேண்டும். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, மீதி விவரம் மட்டும் மருத்துவமனையும் காவல்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து உட்காரும் கூட்டத்துக்குப் போனது. ரோந்துப் பாதை மாறியது. வார இறுதியில் புறநகர்க் காவலர்கள் நகர மையத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அடிக்கடி சண்டை நடக்கும் மதுக்கூடங்கள் கண்காணிப்புக்குள் வந்தன. கண்ணாடிக் குவளைக்குப் பதில் பிளாஸ்டிக் குவளை வந்தது.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2011-இல் வெளியான ஆய்வு, கார்டிஃபை அதைப் போன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டது. வன்முறைக் காயங்களால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது கார்டிஃபில் 42 சதவீதம் குறைவாக இருந்தது.

பல துறைகள் இப்படி விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதி நம் நாட்டிலும் வந்திருக்கிறது. சாலை விபத்து விவரங்களுக்காகச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஐராட்' தளத்தில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் ஆகிய துறைகள் தத்தம் விவரங்களைப் பதியலாம். ஆனால், எல்லா விபத்துக்கும் "அதிவேகம்" என்று எழுதி முடித்துவிட்டால், எரியாத தெருவிளக்கும் மூடாத பள்ளமும் தப்பித்துவிடும். அடுத்த மாதம் அதே வளைவில் இன்னொருவர் விழுவார்.

ஆகவே, பதவியில் அமரும் உங்களிடம் மூன்று கோரிக்கைகள். கட்டத்தை நிரப்பினால் போதும் என்று எழுதாமல், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பக்கத்துத் துறை கேட்டால், "மேலிடத்து உத்தரவு வரட்டும்" என்று கோப்பைக் கிடப்பில் போடாமல், விதிக்குட்பட்டு உடனே கொடுங்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரத்தை மட்டும் உங்கள் வீட்டுப் பிள்ளையின் ரகசியம்போலக் காப்பாற்றுங்கள்.

அரசு வேலைக்குப் போகாதவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பல விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4-ஆவது பிரிவில் சொல்கிறது. உங்கள் வார்டின் குடிநீர், குப்பை, சாலைக் கணக்கைத் தேடிப் படியுங்கள். இல்லாவிட்டால் மனுப்போட்டுக் கேளுங்கள். படித்தவர்கள் கேட்காத ஊரில் பதிவேடுகள் சரியாக எழுதப்படுவதில்லை.