பனித்தளம், பணித்தளம், சின்னத்திரை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அன்றாடமும் இலக்கியமும்' என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். ரொறன்ரோவில் வாழும் நமக்கு அன்றாடம் என்பது யாது? ஏப்பிரல் முதல் யூன் வரையில் இந்நகரின் அலுவலக உணவறை எதிலும், தொழிற்சாலை இடைவேளை எதிலும் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, நேற்றிரவு நடந்த ஹொக்கி ஆட்டம். இரண்டாவது, முடிக்க வேண்டிய நாள் கடந்தும் முடியாத வேலைத்திட்டம். மூன்றாவது, தொலைக்காட்சியில் யார் வெளியேற்றப்பட்டார் என்பது. நம்மவரும் இப்பேச்சில் கலந்துகொள்கிறார்கள். ஆயினும் மாலையில் எழுத அமரும்போது இம்மூன்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டே பேனாவை எடுக்கிறார்கள்.

இவை இலக்கியத்துக்கு உரிய பொருள்களா என்று சிலர் வினவக்கூடும். இம்மூன்றிலும் உள்ளுறையாய் நிற்பது ஒரே பொருள்தான்: தோல்வி. தோற்றவரை என்ன செய்வது என்ற வினாவுக்கு இந்நாட்டு வாழ்க்கை மூன்று விடைகளை நமக்கு நாள்தோறும் கற்பிக்கின்றது. அவற்றுள் எதை நாமும் நம் பிள்ளைகளும் ஏற்கப்போகிறோம் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

முதலில் பனித்தளம். கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஸ்ரான்லிப் பிரபு 1892இல் அறிவித்து வழங்கிய கிண்ணம், 1893இல் முதன்முறையாக மொன்றியல் அணிக்குக் கிடைத்தது. அதன் பெயராலேயே இன்றும் இறுதிச் சுற்றுகள் நடைபெறுகின்றன. பதினாறு அணிகள் இச்சுற்றுகளுக்குள் நுழைகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் அணி மேலேறும். கிண்ணத்தைத் தூக்குவதற்கு நான்கு சுற்றுகளில் பதினாறு வெற்றிகள் வேண்டும். இக்கணக்கை மறுபுறமாகப் பாருங்கள். பதினாறு அணிகளுள் பதினைந்து தோல்வியோடுதான் வீடு திரும்ப வேண்டும். ஆகவே இரண்டு மாத காலம் இந்நாடு பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் தோல்விகளின் வரிசையைத்தான்.

இதை ரொறன்ரோவைவிட நன்கு அறிந்த நகரம் வேறில்லை. மேப்பிள் லீவ்ஸ் அணி கிண்ணத்தை வென்றது 1967இல். அதற்குப்பின் 2025 வரையில் அது மீண்டும் வெல்லவில்லை. 2013 மே 13ஆம் நாள் பொஸ்ரன் நகரில் நடந்த ஏழாவது ஆட்டத்தைக் கண்டவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். மூன்றாம் பகுதியில் நாலுக்கு ஒன்று என்று நம் நகரத்து அணி முன்னின்றது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் எதிரணி இரண்டு கோல்களைப் போட்டுச் சமன் செய்தது. மேலதிக நேரத்தில் வென்றும்விட்டது. அன்றிரவு எத்தனை வீடுகளில் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பாராமல் தொலைக்காட்சியை அணைத்தார்களோ, அறியேன். ஊரைப் பற்றிய கவலையில் ஒரு சொல்லும் பேசாத தந்தை, இவ்வணியின் தோல்விக்காக மகனின் தோளில் கைவைத்திருந்தால், அந்தக் கை எழுதப்படவேண்டிய ஒன்று.

இவ்விளையாட்டில் நான் பெரிதும் மதிக்கும் வழக்கம் ஒன்றுண்டு. ஒரு சுற்று முடிந்தவுடன், இரு வாரங்கள் மோதிக்கொண்ட அணியினர் இருவரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கை குலுக்குகின்றனர். பல்லுடைந்தவனும் உடைத்தவனும் அந்த வரிசையில் சந்திக்கிறார்கள். தோல்வி அங்கே மறைக்கப்படுவதில்லை. எண்பலகையில் எல்லாரும் காண ஒளிர்கின்றது. ஆயினும் தோற்றவனுடைய கையைப் பற்றாமல் வென்றவன் களத்தை விட்டுப் போக முடியாது.

1919ஆம் ஆண்டை இங்கு நினைவூட்ட வேண்டும். மொன்றியல் கனேடியன்ஸ் அணியும் சியாற்றில் அணியும் இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஐந்து ஆட்டங்கள் முடிந்து, ஆளுக்கு இரண்டு வெற்றியும் ஒரு சமனுமாக நின்றபோது கொள்ளைக் காய்ச்சல் மொன்றியல் வீரரைப் படுக்கையில் வீழ்த்தியது. ஆட முடியாத நிலையில் அவர்கள் கிண்ணத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தார்கள். நோயால் வீழ்ந்தவரிடமிருந்து வெற்றியைப் பெற சியாற்றில் அணியின் தலைமை மறுத்துவிட்டது. மொன்றியல் வீரர் யோ ஹோல் அவ்வூர் மருத்துவமனையிலேயே காலமானார். அந்த ஆண்டுக்குரிய இடத்தில் இரு அணிகளின் பெயர்களும், சுற்று நிறைவுறவில்லை என்ற குறிப்பும் பின்னாளில் பொறிக்கப்பட்டன. வென்றவர் பெயரை மட்டுமே தாங்கும் கிண்ணத்தில், வெல்லாத இருவர் பெயரும் சேர்ந்து நிற்கும் இடம் அது.

இனிப் பணித்தளத்துக்கு வருவோம். இங்கே எண்பலகை இல்லை. ஒரு வேலைத்திட்டம் தோற்றால் அதை எவரும் தோல்வி என்று சொல்வதில்லை. 'அட்டவணை மீளாய்வு செய்யப்படுகிறது' என்பார்கள். 'தாமதம் ஏற்பட்டுள்ளது' என்பார்கள். நம் மொழியின் இலக்கணம் அறிந்த உங்களுக்கு இத்தொடரின் நுட்பம் விளங்கும். தாமதம் தானாகவே ஏற்பட்டுவிட்டது; அதை ஏற்படுத்தியவர் எவரும் அத்தொடரில் இல்லை.

நம்மவர் மிகுதியாக வாழும் ஸ்காபரோவின் கென்னடி நிலையம் வரையில் எக்ளின்ரன் வீதியூடாக அமைந்த இலகு தொடருந்துப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுமானம் 2011இல் தொடங்கிற்று. 2020இல் முடியும் என்றார்கள். 2025ஆம் ஆண்டு முடிந்தபோதும் அதில் பயணி எவரும் ஏறியிருக்கவில்லை. அவ்வீதியோரத்தில் சிறுகடை நடத்தியவர்கள் ஆண்டுக்கணக்கில் தடுப்புவேலிகளுக்குப் பின்னால் இருந்து வாடிக்கையாளரை எதிர்பார்த்தார்கள். ஆட்டத்தில் தோற்றவனுக்குக் கை குலுக்கலாவது உண்டு. இக்கடைக்காரரிடம் வந்து கையைப் பற்றியவர் எவர்?

பிரெடெரிக் புரூக்ஸ் என்னும் கணினி அறிஞர், ஐபிஎம் நிறுவனத்தில் பெருந்திட்டம் ஒன்றை நடத்திய பட்டறிவைக் கொண்டு 1975இல் ஒரு நூல் எழுதினார். பிந்திப்போன மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அவர் கண்ட விதி. புதியவருக்குக் கற்பிப்பதிலேயே பழையவரின் நேரம் போய்விடும். ஆட்கள் கூடக் கூட ஒருவரோடொருவர் பேசவேண்டிய வழிகளும் பெருகும். இவ்விதி தெரிந்தும் அலுவலகங்கள் அதையே செய்கின்றன. பின்னர் திட்டம் கவிழும்போது, கடைசியாகச் சேர்க்கப்பட்டவர்களே பல இடங்களில் முதலில் அனுப்பப்படுகிறார்கள். புதிதாக இந்நாட்டுக்கு வந்தோர் பலர் அவ்வரிசையின் கடைசியிலேதான் நிற்கிறார்கள். ஒரு பெட்டியில் கோப்பையையும் குடும்பப் படத்தையும் எடுத்துக்கொண்டு மின்தூக்கியில் இறங்கும் மனிதர், அன்று மாலை வீட்டில் என்ன சொல்கிறார்? சில நாட்கள் ஒன்றும் சொல்லாமல், வழமைபோலக் காலையில் புறப்பட்டு நூலகத்தில் போய் அமர்ந்திருப்பவர்களும் உண்டு. இந்த மௌனத்தைப் பற்றி நம் மொழியில் எத்தனை கதைகள் வந்திருக்கின்றன?

வெற்றியும் பணித்தளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு. 2000ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் கணினிகள் தடுமாறிவிடும் என்ற அச்சத்தால் பல ஆண்டுகள் பல்லாயிரம் பேர் உழைத்தார்கள். அப்பணிக்கென்று தமிழ்நாட்டிலிருந்து இக்கண்டத்துக்கு வந்த இளைஞரும் பலர். நள்ளிரவு கடந்தது, பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. உழைப்பின் பயன் அதுவே. ஆனால் உலகம், 'வீண் பதற்றம்' என்று சொல்லி நகர்ந்துவிட்டது. ஒன்றும் நடவாதபடி காத்தவனுக்குப் பாட்டு இல்லை.

மூன்றாவது சின்னத்திரை. 'மெய்ந்நிகழ்ச்சி' என்று பெயர் சூட்டப்பட்ட இவ்வகைக் காட்சிகளுள் இன்று நாம் காணும் வடிவம் 1997இல் சுவீடனில் தொடங்கியது. சிலரை ஒரு தீவில் விட்டு, அவர்களே வாக்களித்து ஒவ்வொருவராக வெளியேற்றுவது அதன் விதி. அந்நிகழ்ச்சியில் முதலில் வெளியேற்றப்பட்டவர், அது ஒளிபரப்பாகுமுன்பே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். கண்டனங்கள் எழுந்தன, நிகழ்ச்சி நிற்கவில்லை. 1999இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' பிறந்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'சர்வைவர்' முதற்பருவத்தின் இறுதிக் காட்சியை ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் கண்டார்கள். 2017இல் 'பிக் பொஸ்' கமல்ஹாசன் அவர்களின் தொகுப்பில் தமிழுக்கும் வந்து, கடல் கடந்த நம் வீடுகளின் கூடத்திலும் அமர்ந்துகொண்டது.

பனித்தளத்தில் தோல்வி வெளிப்படையானது. பணித்தளத்தில் அது மறைக்கப்படுகிறது. சின்னத்திரையிலோ அது விற்கப்படுகிறது. பல நூறு மணி நேரம் படம் பிடித்து, அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கத்தரித்து எடுக்கிறார்கள். ஒருவர் ஒரு நாள் முழுவதும் பொறுமையாக இருந்து ஒரு நொடி சினந்தால், அந்த நொடியே அவருடைய குணமாகிவிடும். எவன் தோற்கவேண்டும் என்பதை நாம் வாக்களித்துத் தீர்மானிக்கிறோம் என்று நம்புகிறோம். நாம் வாக்களிப்பதற்குமுன் கத்தரிக்கோல் ஒருமுறை வாக்களித்துவிடுகிறது.

'வெளியேற்றம்' என்ற சொல்லை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அவ்வழி வந்தோரும் அவர்தம் மக்களும் இன்று இரவுணவுக்குப்பின் அமர்ந்து, 'இந்த வாரம் வெளியேற்றம் யாருக்கு?' என்று ஆவலோடு காத்திருக்கிறோம். பார்ப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுதும் உழைத்த மனிதருக்கு ஒரு மணி நேரக் கேளிக்கை வேண்டும். ஆனால் ஒரு சொல்லின் வலி நம் வீட்டிலேயே நமக்குத் தெரியாமல் கழன்று போகின்றது. சொல்லைக் காப்பதற்கென்று கூடிய வட்டம் அதைக் கவனியாதிருக்கலாமா?

தோற்றவரைப் போற்றும் மரபு நமக்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாட வந்த வெண்ணிக்குயத்தியார், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனே உன்னிலும் நல்லவன் அல்லனோ என்று வென்றவன் முகத்துக்கு நேரேயே கேட்டார். புறநானூற்றில் அப்பாட்டு இன்றும் இருக்கிறது. பரணி இலக்கியத்தைப் பாருங்கள். வென்றவர் சோழர், நூலின் பெயரோ கலிங்கத்துப் பரணி. தோற்றவர் பெயரால் நூலுக்குப் பெயரிடும் வழக்கம் நம்முடையது. ஸ்ரான்லிக் கிண்ணத்தில் வென்றவர் பெயர்கள் பொறித்த வளையங்கள் நிறைந்துவிட்டால், பழைய வளையத்தைக் கழற்றி இந்நகரத்து அரும்பொருளகத்தில் வைத்துவிடுகிறார்கள். வென்றவரும் இடம் விட்டு நகரவேண்டியவரே. கலிங்கமோ இன்னும் நூலின் முகப்பில் நிற்கிறது.

இவற்றையெல்லாம் எழுதத் தமிழில் சொல் இல்லையே என்பார் உளர். 2008இல் ஹொக்கி ஆட்டங்களைப் பஞ்சாபி மொழியில் வர்ணிக்கத் தொடங்கினார்கள். பனிமேல் வழுக்கும் 'பக்' என்னும் கறுப்பு வட்டுக்கு அவர்கள் அகராதியைத் தேடவில்லை. தங்கள் அடுக்களையிலிருந்து 'டிக்கி' என்ற சொல்லை எடுத்தார்கள். மட்டையை ஓங்கி அடிக்கும் அடிக்குக் கன்னத்தில் அறையும் அறையின் பெயரை வைத்தார்கள். 2016இல் பிற்ஸ்பேர்க் அணியின் பொனினோ கோல் போட்டபோது, ஹர்நாராயண் சிங் அவர் பெயரை மூச்சுவிடாமல் முழங்கிய முழக்கம் நாடெங்கும் பரவியது. அந்நகரின் வெற்றிவிழாவுக்கே பஞ்சாபி வர்ணனையாளர்கள் அழைக்கப்பட்டார்கள். வீட்டில் புழங்கும் சொல்லைத் துணிந்து களத்தில் இறக்கினால் மொழி வளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பிள்ளைகளுக்கு வெற்றிக் கதைகளையே சொல்ல வேண்டும், தோல்வியைச் சொன்னால் ஊக்கம் குன்றும் என்று பெற்றோர் கருதுவது இயல்பு. நம் பட்டமளிப்புப் படங்களும் பாராட்டு விழாக்களும் அக்கருத்தின் பயனே. ஆயினும் வெற்றியை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் முதல் தோல்வியை எந்த மொழியில் வந்து நம்மிடம் சொல்லும்? நாம் அதற்குரிய சொற்களைக் கொடுக்காவிட்டால், அது பணித்தளத்திலிருந்து மறைக்கவும் சின்னத்திரையிலிருந்து நகைக்கவும் மட்டுமே கற்றுக்கொள்ளும்.

ஆகவே வட்டத்தினருக்கு ஒரு விண்ணப்பம். கடந்த பத்தாண்டில் ஊர் நினைவுகளை நிறையவே எழுதினோம், அவை தொடரட்டும். இனிவரும் பத்தாண்டில் மாத அமர்வு ஒவ்வொன்றிலும் இந்நாட்டு அன்றாடத்திலிருந்து ஒரு தோல்வியை எவரேனும் ஒருவர் எழுதி வந்து வாசிக்கவேண்டும். வேலை இழந்தவரின் மாலை, தடுப்புவேலிக்குப் பின்னிருந்த கடை, ஏழாவது ஆட்டத்தின் மறுநாட் காலை, எதுவாயினும் ஆகுக. வாசித்து முடித்ததும் திறனாய்வைச் சற்றுப் பிந்தி வைத்துக்கொண்டு, முதலில் எழுந்து சென்று அவருடைய கையைப் பற்றுவோம்.