சித்திரையில் தண்ணீர் இருக்குமா?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நிலைத்த கால்நடை வளர்ப்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பந்தி காத்திருக்கிறது என்று செயலாளர் இப்போதே கண்ணைக் காட்டுகிறார். அதனால் சுருக்கமாக, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1999-ல் மூலனூர்ப் பக்கம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு அம்மாவுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு இருந்தது. பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்பது மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். புல் காய்ந்து போகிற கோடையில் வேலங்காய் பழுத்து விழும். ஆடு அதைத் தின்று பிழைக்கும். புழுக்கையோடு விழும் விதை மறு மழைக்கு முளைக்கும். யாரும் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. காங்கேயம் மாடு வளர்ந்ததே இப்படிப்பட்ட காட்டில்தான்.

அந்த அம்மாவிடம் ஒரு காங்கேயம் பசுவும் பத்துப் பன்னிரண்டு செம்மறிகளும் இருந்தன. பசு கறந்தது இரண்டு, மூன்று லிட்டர். நான் போய், "இதை வைத்துக்கொண்டு என்னம்மா பண்ணப் போறீங்க? கலப்பினப் பசு ரெண்டு வாங்குங்க, வங்கிக் கடனுக்கு நான் சான்று தர்றேன்" என்றேன். முன்பணத்துக்காகப் பசுவையும் ஆடுகளையும் விற்றார்கள்.

முதல் இரண்டு வருஷம் பால் கொட்டியது. எனக்கும் பெருமைதான். ஒருநாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது எனக்கு வரக்காப்பி வந்தது. கறந்த பால் முழுக்கக் கடன் தவணைக்காக சொசைட்டிக்குப் போயிருந்தது. பேரப் பிள்ளையும் வரக்காப்பிதான் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2002-லும் 2003-லும் மழை பொய்த்தது. கறவைக் கலப்பினப் பசுவுக்குப் பசுந்தீவனம் மட்டும் நாளைக்கு 25 கிலோ வேண்டும். குடிக்கத் தண்ணீர் 60 லிட்டருக்குக் குறையாது. கிணறு வற்றியது. வெயிலில் மாடு மூச்சு வாங்கியது, பால் இறங்கியது, சினை பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டும் பாதி விலைக்குச் சந்தைக்குப் போயின. நான் தலை குனிந்து நின்றேன். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "மாடு நல்ல மாடுதானுங்க டாக்டரு. எங்க காட்டுக்குத்தான் அது ஆகலீங்க."

அவர்கள் மறுபடி எழுந்தது நாலு செம்மறிக் குட்டியும், கூடைக்கடியில் அடைத்த ஐந்தாறு நாட்டுக்கோழிகளும் வைத்துத்தான். நான் செய்தது ஒன்றே ஒன்று. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் தவறாமல் போட்டேன். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. பேரனுக்கு முட்டை கிடைத்தது.

கலப்பினமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பாசனமும் பசுந்தீவனமும் உள்ள ஊரில் அது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. நிலத்துக்கும் நீருக்கும் ஏற்ற மாடு எது என்பதே கேள்வி.

இன்று பருவநிலை பற்றிப் பேசும்போது, மாடு ஏப்பம் விடும் மீத்தேன்தான் பூமியைச் சூடாக்குகிறது என்று பழி போடுகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் வெறும் வைக்கோல் தின்று, நோயோடு, வருஷக்கணக்கில் சினை பிடிக்காமல் நிற்கும் மாடும் மீத்தேன் விடத்தான் செய்கிறது, பால்தான் கிடையாது. அகத்தி, கிளைரிசிடியா போன்ற மரத்தழையைக் கலந்து கொடுத்து, குடற்புழு நீக்கி, உரிய காலத்தில் சினை பிடிக்க வைத்தால் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் ஆகும் மீத்தேன் குறையும். வளிமண்டலத்தில் மீத்தேனின் ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். எனவே இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். இது நம் கையில் இருக்கிற வேலை.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் ஒரு குடும்பத்துக்கு மாடு சிபாரிசு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். சித்திரையில் தண்ணீர் இருக்குமா? தீவனம் போடுகிறவர் கையில்தான் பணமும் சேருமா? வீட்டுப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் மிஞ்சுமா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு சான்றில் கையெழுத்துப் போடுங்கள். நான் கேட்காமல் போட்டேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.