டிராக்ஸ் குடும்பத்தின் கொடிவழி

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் மாஸ்கோவில் ஒரு பேச்சுவார்த்தை தொடங்கியது. ஹிட்லரின் படையெடுப்பைத் தடுக்க பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்றும் இராணுவ உடன்பாடு காண்பது அதன் நோக்கம். சோவியத் தரப்பில் மார்ஷல் வோரோஷிலோவ் அமர்ந்தார். பிரெஞ்சுத் தரப்பில் ஜெனரல் தூமாங். பிரிட்டிஷ் குழுவின் தலைவர் ஓர் அட்மிரல். போர் வாசற்படியில் நிற்க, அக்குழு விமானத்தை விடுத்து, மெதுவாகச் செல்லும் வணிகக் கப்பலொன்றில் வந்து சேர்ந்தது. உடன்பாட்டில் கையெழுத்திடும் அதிகாரத்தை அளிக்கும் எழுத்துச் சான்று எங்கே என்று வோரோஷிலோவ் கேட்டார். காட்டுவதற்கு அட்மிரலிடம் ஒன்றும் இல்லை. அந்த ஆகஸ்ட் மாதம் 23ஆம் நாள் ஜெர்மனியுடன் அனாக்கிரமிப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இவ்வரலாறு கட்சி வகுப்புகளுக்குப் புதிதன்று. ஆனால் அந்த அட்மிரலின் பெயர் பெரும்பாலும் ‘டிராக்ஸ்’ என்று சுருக்கப்பட்டுவிடும். முழுப் பெயர் இது: ரெஜினால்ட் எய்ல்மர் ரன்ஃபர்லி பிளங்கட்-எர்ன்லி-எர்ல்-டிராக்ஸ். தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். இந்த நான்கு அடுக்குப் பெயர் முழுமையாகக் காரணப் பெயர். ஒவ்வோர் அடுக்கும் ஒரு சொத்து கைமாறிய கதையைச் சொல்கிறது. ஆங்கிலேய நிலவுடைமைக் குடும்பமொன்றின் மூதாதையரைத் தேடுவது எப்படி என்று கற்க இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

‘ஜென்ட்ரி’ எனப்படும் நிலவுடைமைக் கனவான்கள் பிரபு வகுப்பினர் அல்லர். பிரபுக்கள் அவையில் அவர்களுக்கு இருக்கை இல்லை. குத்தகை வருவாயில் வாழ்வது, உள்ளூரில் நீதிபதியாக அமர்வது, மக்களவைக்கு உறுப்பினராகச் செல்வது, இவையே அவ்வகுப்பின் அடையாளங்கள். யார் கனவான், யார் அல்லர் என்று முடிவுசெய்ய 1530 முதல் 1688 வரை அரசின் குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டந்தோறும் சென்று மரபுப் பட்டியல்களைப் பதிந்தார்கள். பின்னர் 1833 முதல் 1838 வரை ஜான் பர்க் என்பவர் இக்குடும்பங்களின் கொடிவழியை நான்கு தொகுதிகளாக அச்சிட்டார். அதன் தொடர்ச்சிதான் இன்றும் புகழ்பெற்ற ‘பர்க்கின் நிலவுடைமைக் குடும்பங்கள்’ என்னும் நூல் வரிசை. அதற்கு விவரம் தந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்தாரே. விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1066இல் நார்மண்டி வில்லியமுடன் கப்பலேறி வந்த வீரர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. சூரியனிலிருந்து குலத்தைத் தொடங்கும் மெய்க்கீர்த்திகளையும் செப்பேடுகளையும் படித்தவர்களுக்கு இந்த உத்தி வியப்பளிக்காது. 1877இல் வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃபிரீமனும், அவருக்குப் பின் ஹொரேஸ் ரவுண்டும் இப்புனைவுகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். அவர்கள் இருவரும் புரட்சியாளர்கள் அல்லர். பொய்யான ஆவணம் அவர்களுடைய தொழில் மானத்தைச் சுட்டது, அவ்வளவுதான்.

குடும்பம் சொல்லும் கதையை விட்டுவிட்டு நிலத்தின் கதையைப் பின்தொடர்ந்தால் தடம் தெளிவாகிறது. உயில், திருமண ஒப்பந்தம், பெயர்மாற்ற அரசாணை ஆகியவை பொய் சொல்வது குறைவு. ஏனெனில் அவற்றில் பணம் இருக்கிறது.

டார்செட் மாவட்டத்தில் சார்பரோ என்னும் பண்ணையும் மாளிகையும் 16ஆம் நூற்றாண்டிலேயே எர்ல் குடும்பத்தின் கையில் இருந்தன. உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற சர் வால்டர் எர்ல் அக்குடும்பத்தவர். அவருடைய வழியில் வந்த ஜெனரல் தாமஸ் எர்ல் 1720இல் இறந்தபோது ஆண் வாரிசு இல்லை. அவருடைய மகள் சர் எட்வர்ட் எர்ன்லி என்பவரை மணந்திருந்தார். அவர்களுடைய மகள் எலிசபெத், 1720இல் ஹென்றி டிராக்ஸ் என்பவரை மணந்தார். டார்செட்டின் பழைய நிலமும் பார்படோஸ் தீவின் சர்க்கரைப் பணமும் இந்தத் திருமணத்தில் ஒன்றுசேர்ந்தன.

டிராக்ஸ் பணம் எங்கிருந்து வந்தது? 1620களின் இறுதியில் ஜேம்ஸ் டிராக்ஸ் என்னும் இளைஞர் பார்படோஸில் குடியேறினார். 1647 முதல் 1650 வரை அத்தீவில் வாழ்ந்த ரிச்சர்ட் லிகன், தாம் எழுதிய வரலாற்றில் அவரைக் குறிப்பிடுகிறார். டிராக்ஸின் தொடக்க முதல் 300 பவுண்டுக்கு மேல் இல்லை. ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருவாய் தரும் நிலத்தை இங்கிலாந்தில் வாங்கும் நிலை வரும்வரை அங்கே நிலையாகத் தங்கத் திரும்புவதில்லை என்பது அவருடைய உறுதி. புகையிலையிலும் பருத்தியிலும் வராத பணம் கரும்பில் வந்தது. டச்சுக்காரர் கையிலிருந்த பிரேசில் பகுதியிலிருந்து சர்க்கரை காய்ச்சும் நுட்பம் 1640களில் பார்படோஸுக்கு வந்தது. அதை முதலில் பெருமளவில் நடத்திக் காட்டியவர்களுள் ஜேம்ஸ் டிராக்ஸ் முன்னணியில் நின்றார். ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏழை வெள்ளையரின் இடத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிய அடிமைகள் நிறுத்தப்பட்டார்கள். வயலும் ஆலையும் கொப்பரையும் ஒரே நிருவாகத்தின் கீழ், மணிக் கணக்கில், பிரிவு பிரிவாக இயங்கின. மான்செஸ்டரின் ஆலைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்திய ஆலை ஒழுங்கு அது. மன்னரின் தலையைக் கொய்த குடியரசின் தலைவர் கிராம்வெல்தான் அவருக்கு நைட் பட்டம் அளித்தார் என்பதையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். ஆதி மூலதனத் திரட்டல் பற்றி மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியின் இறுதிப் பகுதியில் விரித்துரைப்பதை ஒரே குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் காணலாம்.

ஜேம்ஸின் மகன் ஹென்றி, தோட்டத்தை எவ்வாறு நடத்த வேண்டும் என்று மேலாளருக்கு 1679 அளவில் விரிவான கட்டளைகள் எழுதிவைத்தார். எரு இடுவது, குழி வெட்டுவது, அடிமைகளுக்கு உணவளப்பது, தண்டிப்பது எல்லாம் அதில் உண்டு. பிற தோட்ட முதலாளிகள் அதைப் பாடநூல்போல் பயன்படுத்தினர். 1755இல் பாஸ்டனில் அது அச்சிலும் ஏறியது.

இந்த ஹென்றி 1682இல் பிள்ளையின்றி இறந்தார். டிராக்ஸ் ஆண்வழி அங்கேயே அறுந்துவிட்டது. சொத்து அவருடைய சகோதரி மகன் தாமஸ் ஷெட்டர்டனுக்குப் போயிற்று; அவர் ‘டிராக்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1720இல் சார்பரோவின் வாரிசை மணந்தவர் இந்தத் தாமஸின் மகன். அதற்குப் பின் கதை வேகமாக நகர்கிறது. மணமகனின் பேத்தி ரிச்சர்ட் குரோவ்னரை மணந்தார். குரோவ்னர் எர்ல்-டிராக்ஸ் ஆனார். அவர்களுடைய மகள் ஜேன், 1827இல் கென்ட் மாவட்டத்து ஜான் சாப்ரிட்ஜை மணந்தார். மறு ஆண்டு ஜேனின் சகோதரர் இறக்க, சாப்ரிட்ஜும் எர்ல்-டிராக்ஸ் ஆனார். தென்கடல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, அந்நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பின் 1721இல் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஜேக்கப் சாப்ரிட்ஜின் வழித்தோன்றல் இவர். குடியரசுக் கருத்துடைய வரலாற்றாசிரியை காதரின் மெக்காலேயும் அதே குடும்பத்தில் பிறந்தவர்தாம். கொடிவழி எழுதுவோர் அவரைவிட இயக்குநரையே விரும்புவர். ஜான் சாப்ரிட்ஜின் பேத்தி அயர்லாந்தின் டன்சேனி பிரபுவான பிளங்கட்டை மணந்தார். மூத்த மகன் பிரபுப் பட்டத்தைப் பெற்றார். கற்பனைக் கதைகளால் உலகறிந்த எழுத்தாளர் டன்சேனி அவரே. இளைய மகனுக்கு டார்செட் நிலமும் பார்படோஸ் தோட்டமும். 1916இல் அரசாணை பெற்று நான்கு பெயரையும் சூடிக்கொண்ட அந்த இளைய மகன்தான் மாஸ்கோவுக்கு வந்த அட்மிரல்.

ஜேம்ஸ் டிராக்ஸிலிருந்து அட்மிரல் வரை சொத்து ஐந்து பெண்கள் வழியாக இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் பெண்ணின் பெயர் மறைந்து, வந்த ஆண் நிலத்தின் பெயரைச் சூடிக்கொண்டார். மூத்த மகன் நிலத்தை அடைவதாகத் தோன்றினாலும், உண்மையில் நிலமே அவனை வாரிசாக அடைகிறது என்ற கருத்தை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் முன்வைக்கிறார். மேலோட்டமாகப் படித்தால் ஹெகலியச் சொல்விளையாட்டு என்றே தோன்றும். டிராக்ஸ் கொடிவழியில் அது அப்பட்டமான நடைமுறை.

பார்படோஸில் அதே நூற்றாண்டுகளில் இன்னொரு வழிமுறைச் சட்டமும் இயங்கியது. அடிமைத்தாயின் குழந்தை அடிமை. தந்தை யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. தந்தை தோட்ட முதலாளியாகவே இருந்தாலும் இல்லை. சொத்து இறங்க ஆண் பெயர் வேண்டும். சொத்தாகப் பிறக்கத் தாய்வயிறு போதும்.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அது. முழுத் தொகையும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இதற்காக வாங்கிய கடன், மறுகடன்களாக உருமாறி, 2015இல்தான் முற்றாகத் தீர்ந்தது. கரீபியன் மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரிட்டனில் உழைத்துக் கட்டிய வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. இழப்பீட்டு ஆணையத்தின் ஆவணங்களை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் தொகுத்து 2013இல் எவரும் காணும்படி வெளியிட்டனர். அதில் டிராக்ஸ் ஹால் தோட்டத்துக்கு உரிய பதிவு: 1836, ஜான் சாப்ரிட்ஜ் எர்ல்-டிராக்ஸ், 189 மனிதர்கள், 4,293 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்சு. ஒரு மனிதருக்கு ஏறத்தாழ 23 பவுண்டு.

இவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவையில் வாய் திறவாததால் ‘மௌன உறுப்பினர்’ என்று பெயரெடுத்தார். ஒரே ஒருமுறை சன்னல் பற்றிப் பேசினார் என்றொரு கதை உண்டு. இழப்பீடு வந்து சில ஆண்டுகளில், 1841-42இல், நெடுஞ்சாலையைத் தம் பூங்காவிலிருந்து விலக்கி அமைத்து, சார்பரோவைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மைல் நீளத்துக்கு மதில் எழுப்பினார். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இழப்பீட்டுப் பணம்தான் செங்கல்லாயிற்றா என்று ஒவ்வொரு பவுண்டையும் பின்தொடர முடியாது, அவசியமும் இல்லை. இரண்டு நூற்றாண்டுச் சர்க்கரைப் பணம் ஒரே கருவூலத்தில்தான் சேர்ந்தது.

அந்த 189 பேரின் கொடிவழி எங்கே? பார்படோஸில் 1817இலிருந்து அடிமைப் பதிவேடுகள் எழுதப்பட்டன. பெயர், பால், வயது, நிறம், பிறந்த நாடு, செய்யும் வேலை. பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர், அதுவும் முதலாளி இட்டது. வயதுக்குப் பின்னால் பெற்றோர் பெயர் இல்லை. ஆப்பிரிக்கா என்ற சொல்லுக்குப் பின்னால் ஊர் இல்லை. அப்பதிவேட்டின் கோட்டைத் தாண்டி ஒரு தலைமுறை பின்னே செல்ல விரும்பும் பார்படோஸ் குடும்பத்துக்கு எந்தப் பர்க்கும் தொகுதி அச்சிடவில்லை. டிராக்ஸ் தோட்டங்களில், பார்படோஸிலும் ஜமைக்காவிலும், இரு நூற்றாண்டுகளில் 30,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் ஹிலரி பெக்கிள்ஸ் மதிப்பிடுகிறார்.

1834இல் அறிவிக்கப்பட்ட விடுதலை, ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் வாரம் 45 மணி நேரக் கூலியற்ற வேலையாக 1838 வரை நீண்டது. அதற்குப் பின்னும் நிலம் கிடைக்கவில்லை. சிறிய தீவு, ஒவ்வோர் ஏக்கரும் தோட்டத்துக்குச் சொந்தம். குடிசை போட்ட இடத்துக்கு வாடகை. வாடகைக்கு ஈடாக அதே தோட்டத்தில் வேலை. வேலைக்குப் போகாவிட்டால் வெளியேற்றம். 1840ஆம் ஆண்டின் முதலாளி-தொழிலாளர் சட்டம் இந்தப் பிணைப்புக்கு அரசின் முத்திரையைக் குத்தியது.

அட்மிரலின் பேரர் ரிச்சர்ட் டிராக்ஸ் 2010 முதல் 2024 வரை தெற்கு டார்செட்டின் கன்சர்வேட்டிவ் உறுப்பினர். டார்செட்டில் சுமார் 14,000 ஏக்கர் கொண்ட பண்ணையும், பார்படோஸில் சுமார் 250 ஹெக்டேர் கொண்ட டிராக்ஸ் ஹாலும் மரபுரிமையாக அவரை அடைந்தன. அடிமை முறையில் மூதாதையர் கொண்ட பங்குக்கு அவர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் சில நூற்றாண்டுகளுக்கு முன் நடந்தவற்றுக்கு இன்றுள்ள எவரும் பொறுப்பாக முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. இரத்தத்தை வைத்துப் பேசினால் இதில் நியாயம் இருப்பதாகவே தோன்றும்: பேரனைத் தாத்தாவின் குற்றத்துக்குத் தண்டிக்கலாகாது. ஆனால் டிராக்ஸ் ஹால் அவரிடம் இரத்தத்தால் மட்டும் வரவில்லை. சகோதரி மகன், மருமகன், மீண்டும் மருமகன், உயில், அரசாணை என்று சட்டம் கட்டிய பாலங்களின் வழியாக வந்தது. ஐந்து முறை அறுந்த ஆண்வழியைத் தாண்டி உரிமை இறங்கி வர வழி கண்ட அதே சட்டம், அந்த உரிமையுடன் ஒட்டிய கடன் மட்டும் இறங்கி வராது என்று எப்படிச் சொல்கிறது? கரீபியன் நாடுகள் 2013இல் அமைத்த இழப்பீட்டு ஆணையம் எழுப்புவது இக்கேள்வியையே. பெக்கிள்ஸ் அதன் தலைவர்.

2021 நவம்பர் 30ஆம் நாள் பார்படோஸ் குடியரசாயிற்று. 2024இல் அதன் அரசு, டிராக்ஸ் ஹாலில் 21 ஹெக்டேர் நிலத்தை விலை கொடுத்து வாங்கி மக்களுக்கு வீடு கட்டித் தரத் திட்டமிட்டது. 1836இல் ஒருமுறை பணம் பெற்ற தோட்டத்துக்கு மறுபடியும் பணமா என்று தீவில் எதிர்ப்பு எழுந்தது. வீடு வேண்டி நின்றவர்களும் விலை கொடுக்காதே என்றவர்களும் பெரும்பாலும் அதே உழைப்பாளி மக்களின் வழித்தோன்றல்கள். ஏப்ரலில் பிரதமர் மியா மோட்லி அந்தக் கொள்முதலை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.