படி உயரமானால் பயணம் ஏது?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அவரையே அண்ணலார் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்பவராகவும் அமர்த்தினார்கள். உடற்குறையைக் காரணம் காட்டி எவரையும் ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணையாளர் ஒருவருக்கும் தமிழக அரசு 2021-இல் கட்டணமில்லாப் பயணம் வழங்கியது. நன்றிக்குரியது. ஆயினும் சீட்டு இலவசம், படியோ உயரம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் மேலப்பாளையத்திலிருந்து சந்திப்புக்குச் செல்ல உயர்படிப் பேருந்தில் எவ்வாறு ஏறுவார்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41-ஆம் பிரிவில், அவர்கள் பயன்படுத்தத்தக்க போக்குவரத்தை அரசின் கடமையாக்கியுள்ளது. சென்னையில் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. சாய்பலகை வழியே நாற்காலியோடு அவற்றில் ஏறலாம். தாமிரபரணிக் கரையின் தடங்கள் ஒவ்வொன்றிலும் அத்தகைய பேருந்து ஓட வேண்டுமென நம் ஜமாஅத் மனு அளிக்கட்டும்.

அதற்கு முன் நம் பள்ளிவாசலின் வாசலைப் பாருங்கள். அங்கும் படிகளே உள்ளன. அரசிடம் கேட்பதை முதலில் நாம் செய்வோம்: வாசலில் ஒரு சாய்தளம், ஒளுச் செய்யுமிடத்தில் ஒரு கைப்பிடி. வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.