ஒருவர் புனைந்த பல கோலங்கள்



ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்க்கையை ஆவணப்படமாக்க முற்படுவோர்க்கு முதலிலேயே ஒரு தடுமாற்றம் உண்டாகும். எந்த ருக்மிணி தேவியைக் காட்டுவது? 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் நம் மதுரையில் பிறந்த குழந்தையையா? 1920-இல் ஊரார் தூற்றலைப் பொருட்படுத்தாது ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்த பதினாறு வயதுப் பெண்ணையா? ரஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் மேனாட்டுப் பாலே நடனம் பயின்றவரையா? 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்று, வாயில்லா உயிர்களுக்காக வாதாடி, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டத்திற்கு வழிகோலியவரையா?

இத்தனை கோலங்களையும் ஒன்றாகக் கோத்த சரடு ஒன்று உண்டு. எதைத் தொட்டாலும் அதற்கு அழகிய வடிவம் சமைக்கும் உள்ளமே அது.

சொந்த நாட்டுக் கலையையும் தேடிக் கற்குமாறு தூண்டியவர் பாவ்லோவாவே. அதன்பின் ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிராட்டம் பயின்று, 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். ஆட்டத்தோடு அவர் நிற்கவில்லை. கோயிற் சிற்பங்களைக் கூர்ந்து நோக்கி ஆடையும் அணியும் அமைத்தார். ஆடுபவரின் பின்னால் நின்று வாசித்த இசைவாணர்களை மேடையின் ஒரு பக்கத்தில் அமரச் செய்தார். 1936-இல் கலாக்ஷேத்ரத்தை நிறுவினார். மறு ஆண்டே அங்கே தறிகள் ஒலித்தன. பழைய காஞ்சிபுரச் சேலைகளின் அகன்ற கரையும், எடுப்பான வண்ணச் சேர்க்கையும் அங்கே மறுபிறப்பு எய்தின. இன்றும் அவ்வகைச் சேலைக்குக் கலாக்ஷேத்ரத்தின் பெயரே வழங்குகிறது.

ஆயினும் இந்தப் புதுக்கோலத்திற்கு ஒரு விலையும் இருந்தது. ஆட்டத்தில் சிருங்காரத்தை அவர் அடக்கியதை, அக்கலையைப் பரம்பரையாகப் பேணிய குலத்தில் வந்த பாலசரஸ்வதி ஏற்கவில்லை. சிருங்காரமே அதன் உயிர் என்று அவர் வாதிட்டார். புதிய மேடை ஓங்கியபோது, அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பத்துப் பெண்களில் பலர் அதில் இடமின்றி ஒதுங்கினர். கௌரி அம்மாளும் அக்குலத்தவரே. பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் கற்பித்தவர் அந்த ஒருவரே என்பதை எண்ணிப் பாருங்கள்! ருக்மிணி தேவியைப் பற்றிய படம் எதுவாயினும், அந்த ஆசிரியையின் முகம் அதில் தோன்றாவிடில் அது குறைப்படமே.

1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை அழைத்தார். அந்தக் கோலத்தை மட்டும் அவர் புனைய மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24-இல் மறையும் வரை கலாக்ஷேத்ரமே அவர் உலகாக இருந்தது.

இளைஞர்களே, நீங்களும் வாழ்வில் பல கோலங்கள் புனைவீர்கள். தாராளமாகப் புனையுங்கள். ஆனால் கோலத்திற்கு மாவு தந்த கை எது என்பதை மறவாதீர்கள். புதுமைக்கு அழகு தருவது அந்த நன்றியே.